தென்றல்னா தா

21-ஆம் வட்டம், நெய்வேலி
12.2.2024

செந்தில்நாதனுக்கு,

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பொங்கலிலிருந்து பொறுத்துப் பார்த்துவிட்டேன். முறைக்காகக் கேட்கிறேன்: நீயும் அருள்மொழியும் சுகம்தானே? இங்கே உன் மதினிக்கு மூட்டுவலி, எனக்கு இரத்த அழுத்தம். இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது. மூன்றாவதாக ஒரு நோய் வந்திருக்கிறது. அதை அனுப்பி வைத்தது நீ.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால் "அண்ணா, ஒரு மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அப்படித்தான் வைத்தாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

எங்கள் யார்டில் நிலக்கரியை வேகனுக்கு ஏற்றும் பெல்ட்டுகள் மூன்று இருப்பது உனக்குத் தெரியும். உருளை மாற்றவோ கிழிசல் ஒட்டவோ ஓர் ஆள் அதில் கைவைக்க வேண்டுமென்றால் முதலில் எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், இனி நீ தொடலாம் என்று கண்ட்ரோல் ரூம் கொடுக்கும் வாக்கு அது. வேலை முடிந்ததும் வாங்கியவனே திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் போனில் வாங்கினோம். உன் 'நால்திசை' கம்பெனி அதற்கொரு செயலி செய்தது. எங்கள் சிகரம் கன்வேயர்ஸ் முதலாளி வாங்கி டேப்லெட்டில் போட்டார். எந்தப் பொத்தானுக்கு என்ன பெயர் என்று பெல்ட் ஆட்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுத்தவன் நான். 'எல்.சி. வாங்கு.' 'எல்.சி. திருப்பு.' 'பயிற்சி, மின்சாரம் நிற்காது.' 'அறிக்கை.' அவ்வளவுதான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் அது புரிந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் "களக்குழு" என்று போட்டீர்கள். என் பெயரைக் காணோம். அதையும் விழுங்கினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து டேப்லெட்டைத் திறந்தால் அந்தப் பெயர்கள் இல்லை. தென்றல், வாடை, கொண்டல், கோடை. கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி சுழி சுழியாகப் படம் வேறு. எனக்கும் தமிழ் தெரியும், தம்பி. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இவற்றில் எது மோட்டாரை நிறுத்தும், எது நிறுத்தாது? அதைச் சொல்.

பழைய பெயர்களைத் திருப்பி வை. மதினி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
சண்முகசுந்தரம்


சென்னை
27.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் அருள்மொழியும் நன்றாக இருக்கிறோம். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள், கோபத்தையும். மதினியை வெயிலில் நடக்கச் சொல்லுங்கள், மூட்டுக்கு நல்லது.

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் செயலி இப்போது உங்கள் யார்டுக்கு மட்டும் போகவில்லை. துறைமுகத்துக்குப் போகிறது, சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. எல்.சி. என்பது நம் ஊர் வழக்கு. வேறு இடத்தில் பர்மிட் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வேறொன்று. எல்லோருக்கும் பொதுவாக, பார்த்ததும் மனத்தில் ஒட்டுகிற பெயர் வேண்டியிருந்தது. கம்பெனியின் பெயர் நால்திசை. ஆகவே நான்கு திசைக் காற்று. மாநாட்டில் இதைத் திரையில் போட்டபோது அரங்கமே கைதட்டியது. தமிழ்ப் பெயர் என்பதற்காகவே பலர் வந்து கைகொடுத்தார்கள். இங்கிலீஷில் வைத்திருந்தால் நீங்களே முதலில் திட்டியிருப்பீர்கள்.

பெயர் என்பது பழக்கம்தானே அண்ணா? என்னைச் செந்தில் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யார் கேட்கிறார்கள்? ஒரு மாதம் போனால் உங்கள் ஆட்களும் பழகிவிடுவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
செந்தில்


நெய்வேலி
4.3.2024

செந்தில்நாதனுக்கு,

நலம். உப்பைக் குறைத்துவிட்டேன். மற்றதைக் குறைக்க நீ விடவில்லை.

செந்தில் என்று தெருவில் கூப்பிட்டு வேறு எவனாவது திரும்பினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பெல்ட்டில் அப்படிச் சிரிக்க முடியாது. பெயரைக் கேட்டதும் செய்யும் வேலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது அலங்காரம். அரங்கத்தில் கைதட்டியவர்களில் ஒருவனாவது உருளை மாற்றியிருப்பானா?

ஆனால் நீ சொன்ன ஒன்று உண்மை. ஆட்கள் பழகிவிட்டார்கள். எப்படி என்று கேள். எங்கள் மேஸ்திரி பாவாடை, கம்மாபுரத்துக்காரர், எல்லோரையும் பெல்ட்டை இழுக்கும் டிரைவ் ஹெட் பக்கத்தில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"இங்க பாருங்கடா. தென்றல்னா தா. கண்ட்ரோல் ரூமு, எல்.சி.யத் தா. வாடைன்னா வாங்கிக்க. எல்.சி.ய வாங்கிக்க, வேல முடிஞ்சிடுச்சி. புரிஞ்சிதா?"

"கொண்டல், மேஸ்திரி?"

"அது பயிற்சி, வெளையாட்டு. அத்தக் கொண்டுபோயி ஓரமா வையி."

"கோடை?"

"கோடை சூப்பர்வைசருக்கு. அவருதான் எப்பவும் காஞ்சிகினே கெடப்பாரு."

சூப்பர்வைசர் நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். சிலம்பரசன் என்று ஒரு பையன், அவருடைய ஊர்தான், போன ஆவணியில் கல்யாணமானவன். அவன் ஸ்கெட்ச் பேனாவால் டேப்லெட் உறையிலேயே "தென்றல் தா, வாடை வாங்கிக்க" என்று எழுதி வைத்துவிட்டான். இப்போது ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எல்லோரும் இதைப் பாட்டு மாதிரி சொல்கிறார்கள்.

ஆகவே பழைய பெயரைத் திருப்பி வை என்ற பேச்சை நான் விட்டுவிடுகிறேன். இனிக் கேட்பது வேறு. வைத்தது வைத்தபடி இருக்கட்டும். நல்ல பெயரை எடுத்தது ஒரு குற்றம். ஆட்கள் பாடுபட்டுப் பழகிய கெட்ட பெயரை மறுபடி எடுத்தால் அது அதைவிடப் பெரிய குற்றம். கையெடுத்துக் கேட்கிறேன் என்று எழுத மாட்டேன். சொல்கிறேன். மாற்றாதே.

அருள்மொழிக்கு எங்கள் அன்பு.

உன் அண்ணன்,
சண்முகசுந்தரம்


சென்னை
11.4.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மதினியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பாவாடை மேஸ்திரியின் பாடத்தை எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கோடை சூப்பர்வைசருக்கு" என்பதை ஒருத்தி வெள்ளைப் பலகையில் எழுதியே வைத்துவிட்டாள். இப்படி ஆட்களே சொந்தமாக்கிக்கொள்வதுதான் ஒரு பெயருக்குக் கிடைக்கும் வெற்றி.

பெயர்கள் இனி மாறா. நிம்மதியாக இருங்கள். சித்திரை பிறக்கிறது, இந்த வருஷமாவது நெய்வேலிக்கு வந்து உங்களோடு நாலு நாள் இருக்க வேண்டும் என்று அருள்மொழி சொல்கிறாள்.

அன்புத் தம்பி,
செந்தில்


நெய்வேலி
23.5.2024

செந்தில்நாதனுக்கு,

உன் சுகத்தை இன்று விசாரிக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை காலையில் சிலம்பரசனின் வலது கை போய்விட்டது. மணிக்கட்டோடு.

நடந்தது இது. கரி வராததால் இரண்டாம் பெல்ட் விடிந்ததிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஓர் உருளையை மாற்றிவிடலாம் என்று பாவாடை சிலம்பரசனை அனுப்பினார். அவன் டேப்லெட்டைத் திறந்து தென்றலைத் தொட்டான். பச்சை வந்தது. "எல்.சி. வந்துட்டுது மேஸ்திரி" என்று உரக்கச் சொன்னான். நானே கேட்டேன், அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கைவிட்டான். கண்ட்ரோல் ரூமுக்கு எந்தத் தகவலும் போகவில்லை. கரி வந்தது, சைரன் அடித்தார்கள். மூன்று பெல்ட்டுக்கும் ஒரே சைரன்தான். எல்.சி. கையில் இருப்பவன் சைரனுக்கு ஏன் பயப்படுவான்? வேறு பெல்ட்டுக்கு என்று நினைத்தான். பாவாடை ஓடிப்போய் ஓரத்துக் கயிற்றை இழுத்து நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

அவனைப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டு வந்து டேப்லெட்டை நான் எடுத்துப் பார்த்தேன். தென்றல் இப்போது எல்.சி. இல்லை. தென்றல் பயிற்சி. கொண்டல்தான் எல்.சி. சனிக்கிழமை வந்த அப்டேட்டில் இரண்டையும் இடம் மாற்றியிருக்கிறீர்கள். அடியில் கடுகளவு எழுத்தில் 'மாதிரி' என்று இருக்கிறது. மே மாத வெயிலில் அந்தத் திரையில் பச்சையே மங்கலாகத்தான் தெரியும்.

பயிற்சிக்கும் பச்சை வரும். மின்சாரம் நிற்காது.

பெயர்கள் இனி மாறா என்று எழுதிக் கொடுத்தவன் நீ. இரண்டு கேள்வி கேட்கிறேன். மாற்றியது யார்? எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? வேறெதுவும் எழுத வேண்டாம். இவற்றுக்கு மட்டும் பதில் எழுது.

சண்முகசுந்தரம்


நெய்வேலி
10.6.2024

செந்தில்நாதனுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. உயிரோடு, சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சிலம்பரசன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. அவன் மனைவி செவ்வந்திதான் வெளியே வந்து பேசினாள். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

"சிகரம் கம்பெனிலேர்ந்து ஒருத்தரு வந்தாரு சார். நீ தப்பாத் தொட்டுட்டன்னு எழுதிக் குடு, ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்கறோம்னாரு. இவரு இடது கையால கையெழுத்துப் போட வரலன்னுட்டாரு. ஏன் சார், இவரு இன்னா தப்பு பண்ணாரு? தென்றல்னா தான்னு தான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப எப்ப மாறுச்சி? யாரு கிட்ட சொன்னாங்க?"

"யார்கிட்டயும் சொல்லல."

"இன்னா சார் இது? வூட்டு நம்பர மாத்துனாக்கூட ஒரு தாள ஒட்டிட்டுப் போவாங்க."

அவள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது.

ஜூலையில் விசாரணை. வெளியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை விசாரணை அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அவர் எழுதிவிட்டால் சிலம்பரசனுக்கு நஷ்டஈடும் இல்லை, ஒரு கையால் செய்யும்படியான வேறு வேலையும் இல்லை. கவனக்குறைவு என்று பேரெடுத்தவனை இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கான்ட்ராக்டரும் எடுக்க மாட்டான். அந்த இரண்டு சொற்களை எழுதுவதா வேண்டாமா என்பதில் அவன் வாழ்க்கை நிற்கிறது. பெயர் வெறும் பழக்கம் என்று எழுதினாயே, இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்.

யார் மாற்றியது? ஏன் சொல்லவில்லை?

சண்முகசுந்தரம்


சென்னை
21.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெளியூர்ப் பயணத்தில் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நடந்ததைக் கேட்டு நானும் அருள்மொழியும் மிகவும் கலங்கிப்போனோம். அந்தத் தம்பி சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். தனிப்பட்ட முறையில் என்னால் ஆன உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறேன். அதை வெளியில் சொல்ல வேண்டாம்.

மென்பொருள் என்றால் மாற்றங்கள் வந்துகொண்டேதான் இருக்கும் அண்ணா. ஒவ்வொரு இடத்திலும் ஆட்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உங்கள் இடத்தில் அது எந்த அளவுக்கு நடந்தது என்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். விசாரணை முடியும்வரை நீங்கள் எதையும் எழுத்தில் கொடுக்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது. உங்கள் வேலையும் கான்ட்ராக்ட்தான். மதினிக்குப் பணி ஓய்வு வர இன்னும் சில வருஷங்களே இருக்கின்றன. அதன்பின் குவார்ட்டர்ஸும் இருக்காது. யோசித்துக்கொள்ளுங்கள்.

இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

தம்பி,
செந்தில்


நெய்வேலி
29.6.2024

செந்தில்நாதனுக்கு,

மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதனால்தான் இந்த அளவோடு நிற்கிறது.

கேட்டது இரண்டு. நீ எழுதியது ஒரு பக்கம். அதில் இரண்டுக்கும் பதில் இல்லை. என் வேலை கான்ட்ராக்ட் என்று எனக்கே சொல்லித் தருகிறாய். பொறியியலில் முதல் வகுப்பு வாங்கிய நான் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கான்ட்ராக்டரிடம் நிற்கிறேன். மனைவி பேரில் உள்ள வீட்டில் குடியிருக்கிறேன். இதை மறக்கிற நாள் ஒன்றுகூட எனக்கு வாய்ப்பதில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க ஓர் ஆள் ஊரில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் நீ இல்லை. அதனால்தான் நீ சென்னையில் காற்றுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. சென்ற வாரம் ஓசையில்லாமல் ஓர் அப்டேட் வந்தது. இப்போது கொண்டலுக்குக் கீழே பெரிய எழுத்தில் "எல்.சி. வாங்க" என்றும், தென்றலுக்குக் கீழே சிவப்பில் "பயிற்சி மட்டும்" என்றும் இருக்கிறது. பொத்தானில் தப்பு இல்லை என்றால் இதை ஏன் திருத்தினாய்? தப்பு இருந்தது என்றால் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய்? இந்த இரண்டு வரியைப் பிப்ரவரியிலேயே நான் கேட்டேன். அதைப் பெற ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது.

உன்னிடம் உதவி கேட்கவில்லை. இரண்டே வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரிக்கு அனுப்பு. இன்ன தேதியில் பெயர்களை இடம் மாற்றினோம். யார்டுக்குச் சொல்லவில்லை. போதும். சிலம்பரசனுக்கு வேலை மிஞ்சும். உனக்கும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கம்பெனிக்கு ஓர் அவமானம், அவ்வளவுதான். ஜூலை இருபத்தைந்து விசாரணை. அதற்குள் வர வேண்டும்.

அருள்மொழியை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
சண்முகசுந்தரம்


சென்னை
16.7.2024

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

அருள்மொழி வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்கும் அக்காவுக்கும் உடம்பு தேவலையா? இங்கே அவர் சாப்பிடுகிறார், ஆபீசுக்குப் போகிறார், வருகிறார். பேசுவதில்லை. நீங்கள் எழுதிய கடிதங்களை மேஜையிலேயே வைத்திருக்கிறார். அதனால் நானும் படித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காற்றுகளின் பெயரைச் சொன்னது நான். பள்ளியில் பிள்ளைகளுக்கு அன்று அந்தப் பாடம்தான் நடத்தினேன். சாப்பிடும்போது விளையாட்டாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அது எதற்கு வைக்கிற பெயர் என்று நான் கேட்கவில்லை.

இடம் மாற்றியது அவர்தான். மே மாதம் வேறொரு பெரிய துறைமுகத்துக்குச் செயலியைக் காட்ட வேண்டியிருந்தது. வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது பயிற்சித் திரையாம். அதற்கு இருக்கிற பெயர்களில் இனிமையான தென்றல் வேண்டும் என்று மேலே இருப்பவர் சொன்னாராம். "யார்டுல ஒரு பாட்டாவே பாடிட்டு இருக்காங்க, மாத்தினா குழம்பிடுவாங்க" என்று இவர் சொன்னாராம். அப்புறம் இவரே மாற்றிக் கொடுத்துவிட்டார். யார்டுகளுக்கு அனுப்ப ஓர் அறிவிப்பும் எழுதினார். துறைமுகத்துக்காரர்கள் கையெழுத்துப் போடுகிறவரை அதை அனுப்ப வேண்டாம், அடிக்கடி மாற்றுகிறவர்கள் என்ற பேச்சு வந்துவிடும் என்றார்களாம். நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை மாலையே அவருக்கு விபத்துச் செய்தி வந்துவிட்டது அத்தான். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "பாட்டு பாடினாங்களே" என்று மட்டும் சொன்னார்.

வெளியூர்ப் பயணம் எதுவும் போகவில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வாக்கியத்தை அவர் அனுப்ப மாட்டார். வேறு மாதிரி ஒரு கடிதம் கம்பெனி சார்பில் அவர் கையெழுத்தோடு போய்விட்டது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வீட்டில் நான் இருப்பது கஷ்டம். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஆறு மாதம் முடிந்திருக்கும் இல்லையா?

அக்காவுக்கு என் வணக்கம்.

அருள்மொழி


நெய்வேலி
27.7.2024

செந்தில்நாதனுக்கு,

உன் மதினி நலம். நானும் நலம். விசாரணை முடிந்தது. நடந்ததை உன் கம்பெனி வக்கீல் அவர் பாணியில் சொல்லியிருப்பார். என் பாணியில் நீ கேட்க வேண்டும்.

சிலம்பரசன் சட்டையின் வலக்கையை மடித்து ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தான். செவ்வந்தி வாசலில் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி முதலில் உன் கடிதத்தைப் படித்தார். "செயலி வடிவமைத்தபடியே சரியாக இயங்கியது. பயனர் தவறான திரையைத் தேர்ந்தெடுத்தார்." கீழே உன் கையெழுத்து. 'செ'வின் கொம்பைச் சுழித்துப் போடுவாயே, அதே சுழி. சிலம்பரசன் உனக்குப் பயனர். அவனுக்கும் பெயர் வைத்துவிட்டாய்.

நான் எழுந்து, இதை ஒப்ப முடியாது என்றேன். அதிகாரிக்கு எரிச்சல்.

"சண்முகசுந்தரம், நீங்க படிச்சவரு. பொத்தானைப் பாத்து அழுத்தறதுதானே அவன் வேலை? அதக்கூடப் பாக்கலன்னா கவனக்குறைவுன்னு எழுதாம வேற என்னன்னு எழுதறது?"

விபத்தன்று எடுத்துப் பூட்டி வைத்த டேப்லெட் அவர் மேஜையிலேயே இருந்தது. திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"சார், இரண்டாம் பெல்ட்டுக்கு எனக்கு ஒரு எல்.சி. எடுத்துக் குடுங்க."

"இதுல எது?"

"பாத்து அழுத்துங்க சார்."

கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். விரல் கொண்டலுக்குப் போனது, வாடைக்குப் போனது. உன் வக்கீல் "இது முறையில்ல, அவருக்குப் பயிற்சி கிடையாது" என்று எழுந்தார். வாசலிலிருந்து பாவாடை, "எங்களுக்கு மட்டும் யாரு சாமி குடுத்தா?" என்றார். அவரை வெளியே போகச் சொன்னார்கள்; போகவில்லை. அதிகாரி கடைசியில் தென்றலைத் தொட்டார். பச்சை வந்தது. முகத்தில் ஒரு நிம்மதி.

"வந்துடுச்சே."

"உங்க வலது கை இப்ப பெல்ட்டுக்குள்ள இருக்கு சார்" என்றேன்.

அவர் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தெரிந்து செய்ததாகத் தெரியவில்லை. சிலம்பரசன் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

அப்புறம் அவர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். முதலில் என்ன பெயர் இருந்தது, அதை யார் வைத்தது, அது எப்போது காற்றானது, ஆட்கள் எப்படிப் பழகினார்கள், அந்தப் பழக்கத்தின் மேலேயே எப்படிக் கைவைக்கப்பட்டது. மாற்றினால் ஆபத்து என்று மார்ச்சிலேயே எழுதினேன், மாறாது என்று பதில் வந்தது என்றேன். "யாருக்கு எழுதினீங்க?" என்றார். நால்திசையில் இந்தச் செயலிக்குப் பொறுப்பாளர் செந்தில்நாதனுக்கு என்றேன். "உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?" என்றார். என் தம்பி என்றேன். பெயர்களை மாற்றியது அவன்தான், ஆபத்து என்று தெரிந்தே மாற்றினான், யார்டுக்குச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தெரிந்தே என்பதற்கு என்ன ஆதாரம் என்று உன் வக்கீல் கத்தினார். பாவாடையின் பாட்டை ஆபீசில் படித்துச் சிரித்ததாக நீ எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன். வேண்டுமானால் அவனை நேரில் கூப்பிட்டு, இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள் என்றேன். நீ அப்படிச் சொல்லமாட்டாய். யார் சொல்லி இவனுக்குத் தெரிந்தது என்று நீ தேடவும் வேண்டாம். உன்னை நான் தொட்டிலிலிருந்து அறிவேன்.

"தொழிலாளியின் கவனக்குறைவு" என்று அதிகாரி முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். பேனாவை எடுத்து அவரே அந்த வரியை அடித்தார். "அறிவிப்பின்றிப் பெயர் மாற்றம்" என்று ஓரத்தில் எழுதினார். சிலம்பரசனுக்கு மாற்று வேலை கொடுக்கும்படி பரிந்துரைப்பதாகச் சொன்னார். இதைச் செவ்வந்தியிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கும்பிடவில்லை. "பேர மாத்துனது உங்க தம்பியா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் எங்கள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஒன்றாம் தேதியிலிருந்து நான் வர வேண்டாமாம். நீ எச்சரித்தபடியே நடந்துவிட்டது. சந்தோஷப்படு. உன் கம்பெனியில் உன்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதை நினைத்து நான் தூக்கம் கெடப் போவதில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கெடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் உன் மேல் ஆத்திரம்.

விசாரணை வாக்குமூலத்தில் என் முழுப்பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாதபடி போட்டேன். இந்தக் கடிதத்தை முடிக்கும்போதும் வழக்கப்படி பேனா தாளின் அடிப்பக்கம் போயிற்று. உன் அண்ணன் என்று எழுத வேண்டும். நீ அந்த உரிமையில்தான் என்னை வாயை மூடச் சொன்னாய். நான் அந்த உறவைச் சொல்லித்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன். இந்த நிலையில் அந்தச் சொல் உனக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே என்ன சொல்கிறது என்றும் தெரியவில்லை. விளங்காத பெயரை ஒன்றின் கீழ் எழுதிவைக்க மாட்டேன்.

உறையை ஒட்டாமல் வைத்திருந்தால் மனம் மாறும். அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே இதைத் தபாலில் போடப் போகிறேன்.